யாரும் சொல்லாம எல்லாரும் ஒண்டாச் சேருற சிஸ்டம்: சிமுலேட் பண்ணி, நம்பரோட செக் பண்றது எப்பிடி

பறவைக் கூட்டம், எறும்பு வரிசை. தன்னால ஒழுங்காகுற சிஸ்டம் பத்தி எங்க தேடினாலும் முதல்ல வாறது இந்த ரெண்டும்தான். ஸ்கிரீன்ல வடிவா அசையும், பாத்து முடிய "ஆ நல்லாரிக்கே" எண்டு மூடி வச்சிட்டுப் போயிடுவம். நான் காட்டப் போறது அவ்வளவு வடிவில்லாத ஒண்டு. யாரும் பிளான் பண்ணாம, ஒரு வரி கோட்லயும் எழுதாம, ஒரு நெட்வொர்க்குக்குள்ள தானா வந்து குந்துற ஒரு கரைச்சல். அதை இருபது முப்பது வரிக் கோட்ல நாமளே வரவச்சு, மறுகா அது எப்ப வரும், எவ்வளவு தரம் வரும், என்ன செய்தா வராது எண்டு நம்பரோட காட்டப் போறம். வரவைக்கிறது லேசு. செக் பண்றதத்தான் கனபேர் விட்டுப்போட்டுப் போறாங்க, அதால நான் அங்கதான் கூட நேரம் நிப்பன்.

என்ன தெரிஞ்சிருக்கோணும்? லூப், லிஸ்ட், ரேண்டம் நம்பர் எடுக்கிறது, அவ்வளவுதான். ஏ.எல்ல ஐசிடி படிச்ச ஆளுக்குக் காணும். லெப்டொப் இல்லாட்டியும் பரவால்ல, கூகிள் கோலாப் போன்லயே ஓடும். லொஜிக்க நான் தமிழ்லயே வரிவரியாத் தாறன், பைதானோ ஜாவாவோ உங்களுக்குக் கை பழகினதில எழுதுங்க. கோட்ட கொப்பி பண்ணி ரன் பண்றத விட ஒருக்கா தானா எழுதினா நல்லா விளங்கும்.

கதை இதுதான்

1992ல அமெரிக்காவில பெர்க்லியில இருந்து எம்.ஐ.டிக்கு பிங், அதாவது போய்ச் சேருதா எண்டு பாக்கிற சின்னப் பாக்கெட், அனுப்பிப் பாத்திருக்காங்க. சரியா 90 செக்கனுக்கு ஒருக்கா கொஞ்சப் பாக்கெட் காணாமப் போகுது. வழியில இருந்த ரௌட்டரெல்லாம் 90 செக்கனுக்கு ஒருக்கா தங்கட ரூட்டிங் அப்டேட்ட, அதாவது எந்த வழியால போகலாம் எண்ட செய்திய, ஒண்டா அனுப்பி, அந்த வேலையில நிண்டு பாக்கெட்ட விட்டுடுறதுதான் காரணம், ஆனா ஒவ்வொரு ரௌட்டரும் ஒவ்வொரு நேரத்தில ஒன் பண்ணினது, அதுகள் ஒரே செக்கன்ல அனுப்போணும் எண்டு ஒரு இடத்திலயும் எழுதி இல்ல. தானாத்தான் ஒண்டா வந்து சேந்திருக்குதுகள். சாலி ஃபிளொய்ட், வான் ஜேக்கப்சன் எண்ட ரெண்டு பேர் 1993ல இதுக்கு ஒரு சின்ன மொடல் கட்டிக் காட்டினாங்க. நாம இண்டைக்குச் செய்யப் போறது அந்த மொடல்தான், நம்பர மட்டும் நமக்கு லேசா மாத்தி எடுப்பம்.

எப்பிடிச் சேருது எண்டது கல்முனை றோட்டு பஸ்ல போனவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. கொஞ்சம் பிந்தின பஸ்ஸுக்கு ஹோல்ட்டில கூட ஆக்கள் நிப்பாங்க, ஏத்த இன்னும் பிந்தும், பின்னால வாற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது ஓடி வந்து பிடிச்சிடும், கடைசியில ரெண்டு மூண்டு பஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரும், அரை மணித்தியாலத்துக்கு ஒண்டுமே வராது. டிரைவர்மார் பேசி வச்சுச் செய்யல்ல. அதே மாதிரித்தான் இங்கயும்: வேலை கூடினவன் பிந்துறான், பிந்துறவன மற்றவன் பிடிக்கிறான்.

இப்ப நம்மட ஊர்ல வச்சுப் பாப்பம். மட்டக்களப்பு வாவி கல்முனைப் பக்கத்தில இருந்து ஏறாவூர்ப் பக்கம் வரைக்கும் 56 கிலோமீற்றர் மாதிரி நீளம், கடலோட சேருறது பாலமீன்மடுவிலயும் கல்லாத்திலயும். மாரிக்கு தண்ணி ஏறுற நேரம் ஒவ்வொரு இடத்திலயும் மட்டம் என்ன எண்டு தெரியணும் எண்டு வைங்க. கரை நெடுக 20 பெட்டி பூட்டுறம், இது கற்பனைதான், அப்பிடி யாரும் பூட்டினதாச் சொல்லல்ல. ஒவ்வொரு பெட்டியும் 120 செக்கனுக்கு ஒருக்கா தன்ட மட்டத்த எல்லாப் பெட்டிக்கும் அனுப்பும். சேர்வர் இல்ல, தலைவர் இல்ல. ஒரு பெட்டி பழுதானாலும் மத்ததுகள் பாத்துக்கும், அதுதான் இந்த மாதிரி சிஸ்டத்திட நல்ல பக்கம்.

முதல் வேலை: ஒரு பெட்டிட ரூல எழுதுறது

கூட்டத்தப் பத்தி ஒரு வரியும் எழுதக்கூடாது, இது முக்கியம். ஒரு பெட்டிக்கு என்ன தெரியுமோ அதை மட்டும்தான் எழுதணும். ரூல் இது: டைமர் அடிச்சா மெசேஜ் தயாரிச்சு அனுப்பு, அதுக்கு 100 மில்லிசெக்கன் போகும். அந்த வேலையில நிக்கும்போது வேற பெட்டிட மெசேஜ் வந்தா அதையும் வாசி, ஒவ்வொண்டுக்கும் இன்னொரு 100 மில்லிசெக்கன். எல்லா வேலையும் முடிஞ்சாப் பிறகுதான் டைமர மறுபடி 120 செக்கனுக்கு வை. சும்மா நிக்கும்போது வாற மெசேஜ் டைமரத் தொடாது.

பாத்தா ஒரு பிழையும் இல்லாத ரூல். உங்களிட்ட எழுதச் சொன்னாலும் இப்பிடித்தான் எழுதுவீங்க. "வேலை முடிஞ்சாப் பிறகு டைமர வை" எண்ட அந்த ஒரு இடத்திலதான் எல்லாக் கூத்தும் ஒளிஞ்சிருக்கு, ஏனெண்டா ஒரே நேரம் வேலையில நிண்ட ரெண்டு பெட்டி ஒரே நேரம் வேலைய முடிக்கும், ஒரே நேரம் டைமர வைக்கும், அடுத்த சுத்தில ஒரே நேரம் அடிக்கும்.

ரெண்டாவது: சிமுலேட்டர்

நேரத்த தசமத்தில வைக்காதீங்க, முழு எண்ணா மில்லிசெக்கன்ல வைங்க. 120 செக்கன் எண்டா 120000. தசமத்தில 0.1ஐ ஆயிரம் தரம் கூட்டினா சரியா 100 வராது, நாம பின்னால "200க்குக் குறைவா" மாதிரி எல்லையில நிண்டு செக் பண்ணப் போறம், அங்க வந்து கழுத்தறுக்கும்.

லொஜிக்:

அலாரம் எண்டு ஒரு லிஸ்ட், 20 பெட்டிக்கும் 0 முதல் 119999 வரை ரேண்டமா ஒரு நேரம்.
24 மணித்தியாலம், அதாவது 86400000 வரும் வரைக்கும் இதைத் திரும்பத் திரும்பச் செய்:
— ஆகக் குறைஞ்ச அலாரம் உள்ள பெட்டிய எடு. அதுட நேரம் தொடக்கம். கூட்டத்தில இப்ப அது மட்டும்.
— முடிவு = தொடக்கம் + 100.
— மிச்சப் பெட்டியள நேர ஒழுங்கில பார். அடுத்த பெட்டிட அலாரம் முடிவுக்கு முந்தி எண்டா கூட்டத்தில சேர், முடிவோட 100 கூட்டு. இல்லாட்டி நிப்பாட்டு.
— கூட்டத்தில உள்ள எல்லாருக்கும் புது அலாரம் = முடிவு + 120000 + ஜிட்டர்.
— தொடக்கத்தையும் கூட்டத்தில எத்தின பேர் எண்டதையும் ஒரு லிஸ்ட்டில எழுதி வை.

ஜிட்டர் எண்டது கழித்தல் ஜெ முதல் கூட்டல் ஜெ வரைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா எடுக்கிற ரேண்டம் நம்பர். இப்போதைக்கு ஜெ பூச்சியம். ரேண்டம் சீட்ட, அதாவது அதே ரேண்டம் நம்பர் வரிசைய திரும்ப வரவைக்கிற தொடக்க நம்பர, வெளியில இருந்து குடுக்கிற மாதிரி வைங்க, ஒவ்வொரு ரன்னிட சீட்டையும் ரிசல்ட்டோட சேத்து எழுதுங்க. 400 ரன்ல ஒண்டு ஏறுமாறா வந்தா அந்த ஒண்டத் திரும்ப எழுப்பிப் பாக்க ஏலோணும், சீட் இல்லாட்டி அது போனது போனதுதான்.

மூண்டாவது: ரன் பண்ண முந்தி கையால கணக்கு

இந்த இடத்தத் தாண்டிக் குதிக்க வேணாம். ரெண்டு கேள்வி இரிக்கு, ரெண்டும் வேற வேற. நான் எழுதினது நான் நினைச்ச மொடல்தானா? இது ஒண்டு. அந்த மொடல் உண்மையான பெட்டிக்குக் கிட்டவா? இது மத்தது. கனபேர் ரெண்டாவதப் பத்திப் பெரிசாக் கதைப்பாங்க, முதலாவதே ஆடிக்கொண்டு நிக்கும். தன்னால ஒழுங்காகுற சிஸ்டத்தில இது இன்னும் ஆபத்து, கோட்ல ஒரு பிழை இருந்தா அதுவும் "ஆ புதுசா ஒரு நடத்தை தோணுது" மாதிரியே ஸ்கிரீன்ல தெரியும்.

அதால விடை தெரிஞ்ச சின்னக் கேஸ் மூண்டக் குடுப்பம், ஜெ பூச்சியம்.

ரெண்டு பெட்டி, 0லயும் 50000லயும். ரெண்டும் தனித்தனியா 120100க்கு ஒருக்கா அடிக்கும், இடைவெளி சாகுமட்டும் 50000தான். சேந்துதெண்டா கோட் பிழை.

ரெண்டு பெட்டி, 0லயும் 60லயும். முதல் தரமே சேரும், ரெண்டும் 200ல டைமர வைக்கும், அடுத்தது 120200ல.

மூண்டு பெட்டி, 0, 0, 5050. இதுதான் நல்ல டெஸ்ட். சோடி 120200க்கு ஒருக்கா சுத்துது, தனியன் 120100க்கு ஒருக்கா. அப்ப ஒவ்வொரு சுத்துக்கும் தனியன் 100 மில்லிசெக்கன் கிட்ட வருவான். 48ஆவது சுத்தில இடைவெளி 250, சோடிட வேலை நேரம் 200தான், பிடிபடமாட்டான். 49ல 150. பிடிபடுவான். ஆரம்ப அடியப் பூச்சியம் எண்டு எண்ணி, சரியா 49ஆவது சுத்தில கூட்டம் 3 எண்டு வரோணும். 48 எண்டோ 50 எண்டோ வந்தா முடிவோட 100 கூட்டுற இடத்திலயோ சுத்த எண்ணுற இடத்திலயோ பிழை விட்டிருக்கீங்க.

இதோட ஒரு நிரந்தர ரூலையும் கோட்டுக்குள்ளயே போடுங்க: ஜெ பூச்சியமா இருக்கும்போது ஒருக்கா ஒரே கூட்டத்தில சேந்த ரெண்டு பெட்டி மறுகா ஒருக்காலும் பிரியக்கூடாது. ஒரே நேரம் டைமர வச்சா ஒரே நேரம்தானே அடிக்கும். ஒவ்வொரு சுத்திலயும் இதச் செக் பண்ணி, பிரிஞ்சா புரோகிராம் அந்த இடத்திலயே நிக்கட்டும். இது ஜெ 50க்குக் கீழ உள்ள எந்த நம்பருக்கும் பொருந்தும், ஏனெண்டா கூட்டத்துக்குள்ள முந்தினவனுக்கும் பிந்தினவனுக்கும் இடையில 100ஐ விடக் குறைவாத்தான் விரியும், முதல் ஆள் வேலைய முடிக்க முந்தி கடைசி ஆளும் வந்திடுவான்.

நாலாவது: ஓடவிட்டுப் பாக்கிறது, அதோட ஏமாறாம இருக்கிறது

இப்ப 20 பெட்டியோட ரன் பண்ணுங்க. ஒவ்வொரு 120 செக்கனுக்குள்ளயும் வந்த ஆகப் பெரிய கூட்டத்த எடுத்து கிராஃப் போடுங்க. பெரும்பாலும் என்ன தெரியும் தெரியுமா? ஒண்டும் தெரியாது. ஒண்டு, ஒண்டு, ஒண்டு எண்டு தட்டையா ஒரு கோடு போகும். "அண்ணா சொன்னது பொய்" எண்டு மூடிட்டுப் போக ஆசையா இரிக்கும்.

கணக்குப் பாருங்க. 20 பெட்டிக்குள்ள 190 சோடி. ஒரு சோடி தற்செயலா 100 மில்லிசெக்கனுக்குள்ள விழுறதுக்கு 600ல ஒரு சந்தர்ப்பம். எல்லாத்தையும் சேத்தா ஆரம்பத்திலயே ஒரு சோடியாவது முட்டுற சந்தர்ப்பம் 27% மாதிரி. மிச்சம் 73%ல ஒரு சோடியும் இல்ல, எல்லாரும் ஒரே வேகத்தில சுத்துறாங்க, ஆரும் ஆரையும் பிடிக்கமாட்டாங்க. அப்ப ரெண்டு தரம் ரன் பண்ணிப் பாத்துட்டு பிரச்சினை இல்ல எண்டு சொல்ற ஆளுக்கு, ரெண்டு தரமும் தட்டைக் கோடு வாற சந்தர்ப்பமே 53%. வேற சீட் போட்டு 100 தரம் ஓடவிடுங்க, 27ஐச் சுத்தி ஒரு எண்ணிக்கையில கோடு மேல ஏறும்.

ஏறுற விதமும் பாக்கத்தக்கது. முதல்ல 2, கன நேரத்துக்கு 2தான். மறுகா 3, 4. கூட்டம் பெரிசாக அதுட சுத்து இன்னும் பிந்தும், மத்தவங்க இன்னும் கெதியாப் பிடிபடுவாங்க, கடைசியில 15, 18, 20 எண்டு தடதடவெண்டு ஏறிடும். சராசரி இடைவெளியள வச்சு காகிதத்தில போட்டுப் பாத்தா ஒரு சோடியில இருந்து 20 வரைக்கும் ஏறக்குறைய 200 சுத்து, நிஜ நேரத்தில 7 மணித்தியாலம் மாதிரி. அரை மணித்தியாலம் மேசையில வச்சு டெஸ்ட் பண்ற ஆள் இதக் காணவே மாட்டார்.

இன்னொரு அளவுகோலும் பாவிக்கிறாங்க, குரமோட்டோ 1975ல குடுத்தது. ஒவ்வொரு பெட்டிட அலாரத்தையும் வட்டத்தில ஒரு கோணமா எடுத்து சராசரி அம்பு எவ்வளவு நீளம் எண்டு பாக்கிறது, 0 எண்டா சிதறல், 1 எண்டா எல்லாரும் ஒண்டு. வடிவான அளவுதான், ஆனா 20 பெட்டி முழுக்கச் சிதறி நிண்டாலும் அது பூச்சியம் காட்டாது, 0.2ஐச் சுத்தித்தான் நிக்கும். அதக் கண்டிட்டு "லேசா ஒரு ஒழுங்கு தெரியுது" எண்டு ரிப்போர்ட் எழுதிடக்கூடாது. ஜிட்டர் பெரிசாப் போனா கோணம் எண்டதே பொருளில்லாமப் போகும். இந்த வேலைக்கு ஆகப் பெரிய கூட்டம் எண்ட நம்பரே எனக்குப் பிடிச்சது, எண்ணிப் பாக்கலாம், வாதாட ஏலாது.

அஞ்சாவது: காது கேக்காத பெட்டி

கூட்டம் வந்தது உண்மையிலேயே பெட்டியள் ஒண்ட ஒண்டு கேக்கிறதாலதானா, இல்ல தற்செயலா? இதுக்கு விடை சொல்ல ஒரே வழி, கேக்கிறத நிப்பாட்டிப் பாக்கிறது. கோட்ல ஒரு சுவிட்ச் வைங்க: போட்டா, மத்தவங்கட மெசேஜுக்கு நேரம் போகாது, ஒவ்வொரு பெட்டியும் தன்ட அலாரத்துக்குப் பிறகு சரியா 100ல முடிக்கும். கூட்டத்த எண்ணுற முறைய மாத்த வேணாம், அதே முறை. அதே 100 சீட்ட ரெண்டு விதமாவும் ஓட்டுங்க. கேக்காத பெட்டியில ஆரம்பத்தில தற்செயலா நிண்ட சோடி அப்பிடியே நிக்கும், வளராது. கேக்கிற பெட்டியில வளரும். ரெண்டு கிராஃபையும் ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டா ஆருக்கும் விளங்கும். இந்தச் சோதனை இல்லாம "தானாத் தோணின நடத்தை" எண்டு எழுதுற புரொஜெக்ட் ரிப்போர்ட்ட நான் நம்பமாட்டன், வந்தாறுமூலையோ ஒலுவிலோ எந்தக் கெம்பஸ் பிள்ளை எழுதினாலும்.

ஆறாவது: வேணும் எண்டத ஒரு வசனத்தில எழுதுறது

இதுவரைக்கும் பாத்தம். இனித்தான் செக் பண்றது. "பெட்டியள் நல்லாச் சிதறி நிக்கோணும்" எண்டா அது ஆசை. செக் பண்ணக்கூடின வசனம் எண்டா அதுக்குள்ள நேரம், நம்பர், ஆமா இல்ல எண்டு சொல்லக்கூடின முடிவு மூண்டும் இருக்கோணும். நான் ரெண்டு எழுதுறன்.

ஒண்டு, சிதறின நிலையில தொடங்கினா 24 மணித்தியாலத்துக்குள்ள ஒருக்காலும் ஒரு கூட்டத்தில 10 பெட்டி வரக்கூடாது.

ரெண்டு, எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில எழும்பினா 1 மணித்தியாலத்துக்குள்ள ஆகப் பெரிய கூட்டம் 5க்குக் கீழ இறங்கோணும்.

ரெண்டாவது ஏன் எண்டு கேப்பீங்க. மழைக்கு கரண்ட் போகும், வரும். வந்த உடன எல்லாப் பெட்டியும் ஒரே செக்கன்ல எழும்பும், எல்லா அலாரமும் 0. சிதறின நிலையில இருந்து மட்டும் தொடங்கி டெஸ்ட் பண்ணினா சிஸ்டம் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும், கரண்ட் போய் வந்த அண்டைக்கு அதுட மத்த முகம் தெரியும். சிமுலேசனுக்குத் தொடக்கம் எப்பவும் ரெண்டு பக்கத்தில இருந்தும் வேணும்: முழுக்கச் சிதறினது, முழுக்கச் சேந்தது.

வசனத்த ரன் பண்ண முந்தியே எழுதி வைங்க. கிராஃபப் பாத்த பிறகு 10ஐ 12 ஆக்கிறது மனுசனுக்கு வாறதுதான், அதால.

ஏழாவது: ஜிட்டர ஏத்திப் பாக்கிறது

இப்ப ஜெய மாத்துங்க: 0, 40, 200, 1000, 10000, 60000. ஒவ்வொண்டுக்கும் ரெண்டு தொடக்கம், ஒவ்வொரு தொடக்கத்துக்கும் 100 ரன். எத்தின ரன்ல வசனம் உடைஞ்சுது எண்டு எண்ணுங்க.

40ல ஒரு விசயம் கவனிங்க. கொஞ்சம் ரேண்டம் போட்டா சேர்க்கை குறையும் எண்டுதான் எல்லாரும் நினைப்பாங்க. கூடும். பூச்சியத்தில தப்பின ரன்கள்லயும் கனக்க இதில மாட்டும். 20 பெட்டியச் சிதறிவிட்டா ஆகக் கிட்ட நிக்கிற சோடிக்கு இடையில சராசரி 300 மில்லிசெக்கன்தான் இரிக்கும், ஜெ பூச்சியம் எண்டா அந்த 300 அப்பிடியே நிக்கும், ஜெ 40 எண்டா ரெண்டு பேரும் தள்ளாடித் தள்ளாடி ஒரு நேரம் முட்டுவாங்க. முட்டினாப் பிரியமாட்டாங்க, மேல சொன்ன 50 ரூல். உள்ள வர வழி இரிக்கு, வெளிய போக வழி இல்ல.

ஜெ பெரிசாகப் பெரிசாக வெளிய போற வழி திறக்கும். 20 பேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் வேலை முடிக்க 2000 மில்லிசெக்கன் வேணும். அலாரம் விரியிற அகலம் ஜெயப் போல ரெண்டு மடங்கு. ஜெ 1000 எண்டா ரெண்டும் சமன், கயிறு இழுக்கிற இடம். ஃபிளொய்டும் ஜேக்கப்சனும் தங்கட 20 ரௌட்டர் மொடலுக்குச் சொன்னதும் இதுக்குக் கிட்டத்தான், ஒரு மெசேஜுக்குப் போற நேரத்தப் போல 10 மடங்காவது ஜிட்டர் வேணும் எண்டு. அவங்க காட்டின இன்னொண்டு, மாற்றம் மெல்ல மெல்ல வராது, ஒரு எல்லையில டக்கெண்டு மாறும் எண்டது. அதால உங்கட ஆறு நம்பர்ல எங்க 100ல இருந்து 0க்குப் பக்கம் விழுதோ அந்த ரெண்டு நம்பருக்கு இடையில திரும்பப் போய் நெருக்கி எடுங்க, மத்த இடத்தில நேரத்த வீணாக்க வேணாம்.

ஆகப் பாதுகாப்பா அவங்க சொன்னது, டைமர அரை மடங்குக்கும் ஒண்டரை மடங்குக்கும் இடையில எங்கயாவது எடு எண்டு. நம்மட நம்பர்ல ஜெ 60000. இதில கரண்ட் வந்த பிறகு முதல் சுத்திலயே கூட்டம் 120 செக்கனுக்குப் பரவிடும். ரிப் எண்ட ரூட்டிங் முறையிட 1998 விதியிலயும் 30 செக்கன் அப்டேட்டுக்கு 5 செக்கன் வரைக்கும் கூட்டிக் குறைக்கச் சொல்லி இரிக்கிறது இதுக்காகத்தான். 60000லயும் கிராஃபில இடைக்கிடை 2 தெரியும், பயப்பட வேணாம், 3 சுத்துக்கு ஒருக்கா மாதிரி ரெண்டு பேர் தற்செயலா முட்டுவாங்க, அடுத்த சுத்தில பிரிஞ்சிடுவாங்க.

எட்டாவது: எத்தின ரன் காணும்

100 ரன்ல 0 தரம் உடைஞ்சுது எண்டா "ஒருக்காலும் உடையாது" எண்டு சொல்லலாமா? இல்ல. ஒரு லேசான கணக்கு இரிக்கு: ஒருக்காலும் உடையல்ல எண்டா 3ஐ ரன் எண்ணிக்கையால பிரிங்க. உண்மையான உடைவு வீதம் அதுக்குக் கீழ எண்டு 95% நம்பிக்கையோட சொல்லலாம். 100 ரன் எண்டா 3%. 20 பெட்டி போடுற ஆளுக்கு 3% எண்டது கூட, நூறு நாள்ல மூண்டு நாள் வரைக்கும் எண்டுதானே அர்த்தம்.

உடைவு கொஞ்சம் வருது, வீதம் எவ்வளவு எண்டு அளக்கோணும் எண்டா ஹோஃப்டிங் 1963ல குடுத்த எல்லைய வச்சு முன்கூட்டியே ரன் எண்ணிக்கைய முடிவு பண்ணலாம். 95% நம்பிக்கையோட 5% கூடக் குறைய பிழை காணும் எண்டா 738 ரன். 1% பிழைதான் ஒத்துக்குவன் எண்டா 18445. பாருங்க, பிழைய அஞ்சில ஒண்டாக்கினா ரன் 25 மடங்கு. கோலாப்பில போட்டுட்டு டீ குடிச்சிட்டு வரலாம், இந்த சிமுலேட்டர் சின்னது. 738 ரன்ல ஒருக்காலும் உடையல்ல எண்டா மேல சொன்ன கணக்கில 0.4%க்குக் கீழ. இதுட அர்த்தம் நிரூபிச்சிட்டம் எண்டில்ல. எந்த மொடல், எந்த ஜெ, எத்தின ரன், எந்தத் தொடக்கம் எண்ட நாலையும் பக்கத்தில எழுதினாத்தான் அந்த 0.4%க்கு ஒரு பெறுமதி.

ரன் ஒண்டு ஒண்டா ஓட்டி, போதும் எண்ட நேரம் நிப்பாட்டுற முறையும் இரிக்கு, வால்ட் 1945ல எழுதினது. தொடங்கிற ஆளுக்கு அவசரமில்ல. ஆனா ஒண்டு, அந்த முறை தெரியாம "ரிசல்ட் நல்லா வந்திட்டு, இதோட நிப்பாட்டுவம்" எண்டு உங்கட எண்ணத்துக்கு நிப்பாட்டினா மேல போட்ட ஒரு கணக்கும் செல்லாது.

ஒம்பதாவது: மொடலை உடைக்கிறது

இதுவரைக்கும் நம்மட பெட்டி காகிதப் பெட்டி. உண்மையான பெட்டியில மணிக்கூடு சரியா ஓடாது. சாதாரண குவார்ட்ஸ் கிறிஸ்டல் மில்லியனுக்கு 20 பங்கு கூடக் குறைய ஓடும் எண்டு வச்சா, 120 செக்கனுக்கு 2.4 மில்லிசெக்கன். சின்ன நம்பர்தான். ஆனா ஜெ பூச்சியத்தில "தனியன்கள் ஒருக்காலும் சேராது" எண்டு சொன்னமே, அந்த 73%, அது எல்லா மணிக்கூடும் அச்சொட்டா ஒண்டு எண்டபடியாலதான். ஒவ்வொரு பெட்டிக்கும் தொடக்கத்தில ஒரு நிரந்தரப் பிழைய ரேண்டமாக் குடுத்து, 24 மணித்தியாலத்துக்குப் பதிலா ஒரு கிழமை ஓடவிட்டுப் பாருங்க, அந்த 73% கரையும். நேரத்த முழு எண்ணா வச்சிருக்கிறதால இதுக்கு மட்டும் மைக்ரோசெக்கனுக்கு மாறுங்க, எல்லா நம்பரையும் 1000ஆல பெருக்கினாச் சரி.

மெசேஜ் தொலையிறதும் பாக்கோணும், 10ல ஒண்டு கேக்காமப் போனா கூட்டம் கட்டுறது மெதுவாகுதா, எவ்வளவு? அதோட 56 கிலோமீற்றருக்கு எல்லாரும் எல்லாரையும் கேக்கிற ரேடியோ எங்கயும் இல்ல. பெட்டியள ஒரு வரிசையில வச்சு ரெண்டு பக்கத்திலயும் மூண்டு மூண்டு பேரை மட்டும் கேக்க விட்டா என்ன நடக்கும் எண்டது வேற கதை, அதுக்கு மேல சொன்ன லொஜிக் காணாது, கூட்டம் எண்டு ஒண்டா எடுக்கிறத விட்டுட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா முடிவு நேரம் வைக்கோணும். பழகினாப் பிறகு செய்யுங்க. படமாப் பாத்தாத்தான் விளங்கும் எண்டா நெட்லோகோ எண்ட இலவச சொஃப்ட்வெயார எடுங்க, 1999ல இருந்து இரிக்கு, அதுட மொடல் லைப்ரரியில மின்மினிகள் ஒண்டா மின்னுற மொடல் ரெடியா இரிக்கு, அதுவும் இதே குடும்பம்தான்.

ஒரே நேரத்தில ஒண்ட மட்டும் மாத்துங்க. மணிக்கூட்டுப் பிழை, மெசேஜ் தொலையிறது, ஜிட்டர் மூண்டையும் ஒண்டாத் திருப்பினா எது எதச் செய்தது எண்டு கண்டுபிடிக்க ஏலாது.

கடைசியா ஒரு வீட்டு வேலை. பெட்டிய 20ல இருந்து 200 ஆக்குங்க, மத்த ஒண்டையும் தொட வேணாம். 200 பேரும் வேலை முடிக்க இப்ப 20 செக்கன் வேணும். 20 பெட்டிக்கு ஜெ 10000 எண்டது தாராளம், 200க்கு அது விரியிற அகலமும் அதே 20 செக்கன். வசனம் ரெண்டையும் புதுக் கூட்டத்துக்கு ஏத்த மாதிரி 100, 50 எண்டு மாத்தி எழுதி வச்சிட்டு, சிதறின தொடக்கத்தில இருந்தும் கரண்ட் வந்த தொடக்கத்தில இருந்தும் 738 தரம் ஓடவிடுங்க. ரெண்டு தொடக்கத்துக்கும் ரெண்டு விடை வந்தா சீட்டோட எடுத்து வைங்க, கோட்ல பிழை இல்ல எண்டு முதல்ல அந்த 49ஆவது சுத்து டெஸ்ட்ட ஒருக்காத் திரும்ப ஓட்டிப் பாத்துக்கொள்ளுங்க.